2012 520டி, ஈ250 ரெண்டில ஒண்டு: செயின், கியர்பொக்ஸ் பயத்தோட எப்பிடிப் பார்த்து வாங்குறது?

காலிவீதி_மாலை:

வணக்கம். ரெண்டு வண்டி பார்த்து வைச்சிருக்கிறன். ஒண்டு 2012 பி.எம்.டபிள்யூ 520டி, எஃப்10 உடம்பு, நுகேகொடைப் பக்கம் ஒரு கார் சேலில நிக்குது. மீற்றரில 118,000 கிலோமீற்றர். மற்றது 2012 பென்ஸ் ஈ250 பெற்றோல், டபிள்யூ212, நேரா உரிமையாளரிட்ட இருந்து, 94,000.

என்ர ஓட்டம்: கிழமை நாளில வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்குப் போய் வாறது, ரெண்டு பக்கமும் சேர்த்து 18 கிலோமீற்றர் வரும். மாசத்துக்கு ஒருக்கா யாழ்ப்பாணம்.

கேக்கிற ஆக்கள் எல்லாம் பி.எம்.டபிள்யூ எண்டால் செயின் அறும், பென்ஸ் எண்டால் கியர்பொக்ஸ் போகும் எண்டு மட்டும் சொல்லுகினம். எதைப் பார்த்தா, எதைக் கேட்டா, எதைக் கழற்றினா உண்மை தெரியும் எண்டு சொல்லுறதுக்கு ஆள் இல்லை. வாங்கின பிறகு வாற பெரிய செலவு எது, அதை வாங்க முதலே பிடிக்கிறது எப்பிடி? விஷயம் தெரிஞ்ச ஆக்கள் விளக்கமாச் சொன்னா பெரிய உதவி.

ஸ்பானர்_17:

எந்த எஞ்சின் என்று தெரியாமல் செயினைப் பற்றிப் பேசிப் பயனில்லை. 2012 520டி என்றால் என்47, 184 குதிரைவலு. இதில் டைமிங் செயின் (வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் ஓட்டும் சங்கிலி) எஞ்சினின் பின்பக்கம், கியர்பொக்ஸ் வந்து பொருந்தும் பக்கம் இருக்கிறது. செயின் தேய்ந்தால் கியர்பொக்ஸை இறக்கி, ஃபிளைவீலைக் கழற்றித்தான் கிட்டப் போகலாம். சில கராஜ்களில் எஞ்சினையே வெளியே எடுத்துச் செய்வார்கள். செயினின் விலையை விட இந்தக் கூலிதான் ஆளைச் சாய்க்கும். 2011இல் செயினும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் மாற்றிய வடிவில் வந்தன. அதனால் 2012 வண்டிக்கு ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் போகவில்லை. 2014இல் 520டிக்கு வந்த பி47 எஞ்சினில் (190 குதிரைவலு) செயின் அதே பின்பக்கம்தான், ஆனால் பாகங்கள் திருத்தப்பட்டவை.

செயின் ஏன் போகிறது? பெரும்பாலும் பழைய ஒயில். டாஷ்போர்டில் காட்டும் சேர்விஸ் இடைவெளி 25,000 கிலோமீற்றருக்கு மேலும் போகும். அது ஐரோப்பாவின் நெடுஞ்சாலைக்குக் கணக்குப் போட்டது. காலி வீதியில் சராசரி வேகம் 15 என்று வையுங்கள்; 10,000 கிலோமீற்றர் ஓட எஞ்சின் 660 மணித்தியாலத்துக்கு மேல் சுற்றும். அதே 10,000ஐ அதிவேகப் பாதையில் 80இல் ஓடினால் 125 மணித்தியாலம் போதும். ஒயிலில் டீசல் கரி ஏறி, செயினின் ஒவ்வொரு பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. செயின் நீள, அதைத் தாங்கி வழிநடத்தும் பிளாஸ்டிக் கைட் அடிபட்டு உடைகிறது. கடைசியில் செயின் பல் தாவினால் வால்வு பிஸ்டனில் மோதும். ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒயில் மாற்றிய பில்கள். 7,500 அல்லது 8,000க்கு ஒரு முறை லோங்லைஃப்-04 (பி.எம்.டபிள்யூவின் ஒயில் தரம்) 5டபிள்யூ-30, ஒவ்வொரு முறையும் 5 லீற்றருக்குக் கொஞ்சம் மேல் போட்டதற்கு பில் வரிசை இருந்தால் மனதில் பாதிப் பாரம் இறங்கும்.

சத்தம் கேட்பது எப்படி: எஞ்சின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். போனவுடன் பொனற்றில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அன்று திரும்பி வந்துவிடுங்கள், வேறு நாள் போகலாம். ஸ்டார்ட் செய்தபின் முன்பக்கம் நிற்காமல் கண்ணாடிப் பக்கம், எஞ்சினின் பின்மூலையில் காதை வையுங்கள். 1,500 முதல் 2,000 சுற்று வரை மெதுவாக ஏற்றும்போது உரசுவது போல் "சர்ர்" என்று ஒரு சத்தம் சுற்றோடு சேர்ந்து ஏறினால் சந்தேகம். இந்த எஞ்சினில் முன்பக்கம் கிராங்க் புல்லியின் றப்பரும் பிய்ந்து சத்தம் போடும், அதைச் செயின் என்று நினைத்து நல்ல வண்டியை விட்டவர்களும் உண்டு. பிரித்தறிய ஒரு வழி: பெல்ற்றைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஸ்டார்ட் செய்வது. சத்தம் போய்விட்டால் புல்லி, பெயரிங் பக்கம். அப்படியே இருந்தால் செயின் பக்கம். வோட்டர் பம்பும் அந்தப் பெல்ற்றில்தான் ஓடுகிறது, அதனால் அரை நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது.

இன்னொன்று, இதைப் பலர் செய்வதில்லை. ஒயில் ஃபில்ற்றர் மேலிருந்தே கழற்றும் கடதாசி வகை. மூடியைத் திறந்து ஃபில்ற்றர் மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பிளாஸ்டிக் துண்டு இருந்தால் கைட் உடைகிறது. மினுங்கும் உலோகத் தூள் இருந்தால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

ஈ250 பெற்றோலில் 2012க்கு வருவது எம்271 எவோ. அதன் செயின் முன்பக்கம். பழைய செயினோடு புதியதைக் கோத்து மேலிருந்தே இழுத்து மாற்றலாம், எஞ்சினைக் கழற்றத் தேவையில்லை. ஆனால் காம் அட்ஜஸ்ரர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) பல்சில்லுகளும் கூர்மையாகத் தேய்ந்து போகும். செயினை மட்டும் மாற்றி அவற்றை விட்டால் வேலை அரைகுறை. அடையாளம்: ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் சில செக்கனுக்குக் கடகடவென்ற சத்தம், பிறகு ஒன்றும் தெரியாது. இதனால்தான் விற்பவர் நீங்கள் வரமுன் எஞ்சினைச் சூடாக்கி வைப்பார். அதோடு எஞ்சினின் முன்னால் உள்ள இரண்டு காம் மக்னெற்றின் (அந்த அட்ஜஸ்ரரை இயக்கும் மின்காந்தம்) பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒயில் ஈரம் இருந்தால் அது வயருக்குள்ளேயே ஊறி எஞ்சின் கம்பியூட்டர் வரை போகக்கூடியது. மக்னெற் மலிவு, வயரிங் மலிவில்லை.

டீசல்ராசா:

ஸ்பானர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் தம்பி, உங்கட ஓட்டத்துக்கு டீசல் பொருந்துமோ எண்டதை முதல் பாருங்கோ.

520டியில புகைக்கரி பிடிக்கிற ஃபில்ற்றர் (டி.பி.எஃப்) இருக்கு. நிரம்பினதும் வண்டி தானாவே கூடுதலா டீசல் அடிச்சு, ஃபில்ற்றரை 600 பாகை மட்டுக்குச் சூடாக்கிக் கரியை எரிக்கும். அதுக்கு 15, 20 நிமிசம் நிக்காமல் ஓடவேணும். பம்பலப்பிட்டிச் சந்தியில நிண்டு நிண்டு போறது ஓட்டமில்லை. எரிக்கத் தொடங்கும், நீங்கள் கோட்டையில நிப்பாட்டிப்போட்டு இறங்குவியள். பாதியில நிண்ட ஒவ்வொரு தடவையும் எரியாத டீசல் சிலிண்டர் சுவரால இறங்கி ஒயிலோட கலக்கும். ஒயில் மட்டம் ஏறும், ஒயில் தண்ணியாகும். தண்ணியான ஒயில் டேர்போவையும் ஸ்பானர் சொன்ன அந்தச் செயினையும் தின்னும். ரெண்டும் ஒரே வருத்தத்தின்ர ரெண்டு முகம்.

மாசம் ஒருக்கா யாழ்ப்பாணம் போறது நல்லது, ஆனால் இடையில 350 கிலோமீற்றர் மட்டில கொழும்புக்குள்ளயே ஓடுவியள். அதுக்குள்ள ஒரு தடவையாவது எரிக்கவேண்டி வரலாம். கிழமைக்கு ஒருக்காப் பேலியகொடையில ஏறிக் கட்டுநாயக்க அதிவேகப் பாதையில போய்த் திரும்பினால் சரி. அதைச் செய்ய மனமில்லாட்டி டீசலை விடுங்கோ. சூப்பர் டீசல் தான் அடிக்கவேணும், யூரோ 4 தரம் அதுக்குத்தான் இருக்கு. சாதா ஒட்டோ டீசலில கந்தகம் கூட.

பார்க்கிற நேரம் ஸ்கானரில மூண்டு விஷயம் கேளுங்கோ. கடைசியா முழுசா எரிச்சு எவ்வளவு கிலோமீற்றர்? கூலன்ற் சூடு எவ்வளவு? அதிவேகப் பாதையில 20 நிமிசம் ஓடியும் 75ஐத் தாண்டேல்லை எண்டால் தேர்மொஸ்ரற் திறந்தபடி நிக்குது. அந்தச் சூட்டில வண்டி கரியை எரிக்கத் தொடங்காது, கொழும்பு வெயிலில டாஷ்போர்டைப் பார்த்து இது ஒருத்தருக்கும் விளங்காது. மூண்டாவது ஃபில்ற்றருக்கு முன்பின் அழுத்த வித்தியாசம். ஐட்லில சில மில்லிபார் காட்டி, அக்சிலேற்றரை அமத்த ஏறவேணும். அமத்தியும் பூச்சியத்திலயே நிண்டால் ஃபில்ற்றரை வெட்டி உள்ளுக்க வெறுமையாக்கியிருக்கினம். சைலன்சர் வாய்க்குள்ள விரலை விட்டுப் பாருங்கோ. நல்ல ஃபில்ற்றர் இருக்கிற வண்டியில விரல் கறுக்காது.

பிறகு ஈ.ஜி.ஆர். கூலர், அதாவது எஞ்சினுக்குத் திரும்பப் போற புகையைக் குளிராக்கிற பாகம். அதுக்குள்ள கூலன்ற் கசிஞ்சு கரியோட சேர்ந்து தீப்பிடிக்கலாம் எண்டு 2018இல பி.எம்.டபிள்யூ உலகம் முழுக்க 16 லட்சம் டீசல் வண்டியைத் திருப்பிக் கூப்பிட்டது. சசி நம்பரைக் குடுத்து முகவரிட்ட (பிரஸ்டீஜ் ஒட்டோமொபைல்) இந்த வண்டிக்கு அது பொருந்துமோ, செய்தாச்சோ எண்டு கேளுங்கோ. கூலன்ற் வெளியில எங்கயும் ஒழுகாமல் குறையுது எண்டால் முதல் சந்தேகம் இந்தக் கூலர் தான்.

கொம்பனித்தெரு_கியர்:

கியர்பொக்ஸ் பற்றிச் சொல்றேன்.

520டியில இருக்கிறது இசட்.எஃப். 8 கியர். நல்ல பெட்டி, ஒயில் போட்டால் நீண்ட நாள் உழைக்கும். "ஆயுள் முழுக்க ஒயில் மாத்தத் தேவையில்லை" என்று பி.எம்.டபிள்யூ சொன்னாலும், பெட்டியைச் செய்த இசட்.எஃப். கம்பனியே 80,000 முதல் 120,000க்குள்ள மாத்தச் சொல்லுது. 118,000 ஓடின வண்டிக்கு மாத்தினதா என்று கேளுங்க, பில் காட்டச் சொல்லுங்க. மாத்தவில்லை என்றால் அந்தச் செலவை விலையில கழியுங்க.

ஓடிப் பார்க்கும்போது குறைஞ்சது 40 நிமிஷம். சூடான பிறகுதான் உண்மை தெரியும். நிக்கிற இடத்துல பிரேக்கை அழுத்திக்கொண்டு டியில (முன்னுக்கு) இருந்து றிவேர்ஸுக்கு மாத்துங்க. ஒரு செக்கனுக்கு மேல யோசிச்சால், அல்லது தடார் என்று விழுந்தால் குறை. 40க்கும் 60க்கும் இடையில அக்சிலேற்றரை லேசா வைச்சு ஓடுங்க. சின்னக் கல்லு பரப்பின ரோட்டுல போற மாதிரி அதிர்ந்தால் டோர்க் கொன்வேர்ட்டர் (எஞ்சினையும் பெட்டியையும் ஒயிலால இணைக்கிற பாகம்) பூட்டுற இடத்துல பிரச்சினை. சிக்னலுக்கு உருண்டு வந்து நிக்கும்போது 2ல இருந்து 1க்கு விழுறதை உத்துப் பாருங்க, அங்கதான் முதல்ல தெரியும். லிஃப்ட்ல ஏத்தினதும் கீழ் சட்டியைப் பாருங்க. அது பிளாஸ்டிக், ஃபில்ற்றரும் அதோட ஒண்டாத்தான் வரும். வளைஞ்சு ஓரத்துல கசியும். வயர் போற பிளக் ஸ்லீவ்லயும் கசியும். ரெண்டும் சின்ன வேலைதான், ஆனால் கசிஞ்ச ஒயிலை நிரப்பாமல் ஓடியிருந்தால் உள்ளே கிளச் கருகியிருக்கும்.

"பழைய வண்டிக்கு ஒயில் மாத்தினால் பெட்டி செத்துப்போகும்" என்று பாஸ்மார் (மெக்கானிக்மார்) சொல்றதுல பாதி உண்மை இருக்கு. மெஷின் பூட்டி அழுத்தத்துல தள்ளிக் கழுவினால் அடியில படிஞ்ச தூள் கிளம்பி வால்வுக்குள்ள போய் அடைக்கும். அப்படிச் செய்யவே வேண்டாம். சட்டியைக் கழற்றி, புதுச் சட்டி, புது போல்ட், இசட்.எஃப். லைஃப்கார்ட் 8 ஒயில். இதுல 6 லீற்றர் மட்டும்தான் மாறும், மீதி கொன்வேர்ட்டருக்குள்ள நிக்கும். அதனால சில ஆயிரம் கிலோமீற்றருக்குப் பிறகு இன்னொரு தடவை செய்தால் நல்லது. அளவு பார்க்கிறது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பெட்டி ஒயில் 30 முதல் 50 பாகைக்குள்ள இருக்கும்போது. இந்தச் சூட்டை ஸ்கானர்ல பார்க்காமல் கைமட்டத்துக்கு ஊத்துற இடத்துல வேலையைக் கொடுக்காதீங்க. குறைஞ்சாலும் கூடினாலும் பெட்டிக்குக் கேடு.

பென்ஸ்ல முதல்ல எந்தப் பெட்டி என்று பார்க்கணும். டபிள்யூ212 நாலு சிலிண்டர் பெற்றோல் தொடக்கத்துல பழைய 5 கியர்ல வந்தது, பிறகுதான் 7ஜி-ட்ரொனிக் (7 கியர்). 5 கியர் என்றால் சந்தோஷப்படுங்க, அது உழைப்பாளி. 7ஜி என்றால் பயப்பட வேண்டியது பெட்டிக்கு உள்ளே இருக்கிற கண்டக்டர் பிளேட் என்ற மின்பலகைக்கு. வேக சென்சரும் கம்பியூட்டரும் அதுலேயே ஒட்டியிருக்கு. சென்சர் போனால் வண்டி ஒரே கியர்ல பூட்டிக்கொள்ளும், நிப்பாட்டித் திரும்ப ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் சரியாகும். விக்கிறவர் அந்தக் கொஞ்ச நேரத்துலதான் காட்டுவார். பஞ்சிகாவத்தையில (கொழும்பில பழைய பாகங்கள் விக்கிற இடம்) பழையது எடுத்துப் போடலாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீங்க. அது பழைய வண்டியின் திருட்டுப் பாதுகாப்போட பூட்டியிருக்கும். தரவை அழிச்சுத் திரும்ப எழுதத் தெரிஞ்ச ஆள் இல்லாமல் வேலை செய்யாது. சஸ்பென்ஷன் ஆர்ம், மிரர், லாம்ப் எல்லாம் பஞ்சிகாவத்தையில எடுக்கலாம், தப்பில்லை. மூளை உள்ள பாகம் மட்டும் வேண்டாம்.

காலிவீதி_மாலை:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டையும் போய்ப் பார்த்தன். 520டி நான் போகேக்க சூடா நிண்டது. நல்லா ஸ்கான் பண்ணி ஒரு தாள் தந்தவை, ஒரு பிழையும் இல்லை எண்டு இருக்கு. ஈ250இன் ஆறின ஸ்டார்ட் கேட்டன், சத்தம் இல்லை, 7ஜி தான். ஆனால் உள்ளுக்க ஒரு ஈர மணம், ஏசி போட்டாக் கூடுது. ஏசி வடிகால் அடைச்சிருக்கு எண்டு உரிமையாளர் சொல்லுறார். இதை எப்பிடி எடுக்கிறது?

ஸ்பானர்_17:

பிழையே இல்லாத தாள் பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு நல்ல செய்தி இல்லை. அழித்துவிட்டு எடுத்த தாளாக இருக்கலாம். கண்டுபிடிப்பது லேசு. வண்டியின் பிழைகளை வாசிக்கும் சாதாரண ஓ.பி.டி. கருவியிலேயே "பிழை அழித்தபின் ஓடிய தூரம்", "அழித்தபின் எஞ்சின் எத்தனை முறை சூடேறியது" என்ற இரண்டு எண்கள் வரும். 6 கிலோமீற்றர், 1 தடவை என்று இருந்தால் இன்று காலைதான் அழித்தார்கள். சுயபரிசோதனை நிலைகள் "முடியவில்லை" என்று காட்டினாலும் அதே கதை. நீங்களே 60, 70 கிலோமீற்றர் ஓட்டிய பின் திரும்ப ஸ்கான் செய்யச் சொல்லுங்கள். காம் (வால்வுத் தண்டு), கிராங்க் (பிஸ்டன் சுற்றும் தண்டு) நேரம் பொருந்தாத பி0016 போன்ற கோட் திரும்பி வந்தால் செயினுக்குத் திரும்பிப் போகிறோம்.

மீற்றரைத் திருப்பியிருந்தாலும் இங்கேதான் பிடிபடும். மீற்றரை மட்டும் மாற்றிவிட்டு மற்றக் கம்பியூட்டர்களை விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு பிழையும் எந்தக் கிலோமீற்றரில் பதிவானது என்று பி.எம்.டபிள்யூவுக்குரிய மென்பொருளில் தெரியும். மீற்றரில் 118,000, கதவுக் கம்பியூட்டரில் ஒரு பழைய பிழை 163,000இல் என்றால் கணக்கு முடிந்தது. எல்லாக் கம்பியூட்டரையும் ஸ்கான் செய்ய வேண்டும், எஞ்சினை மட்டும் அல்ல.

எஞ்சின் எண்ணைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட மறக்க வேண்டாம். செயின் அறுந்து வேறு எஞ்சின் ஏற்றிய என்47 வண்டிகள் சந்தையில் வரும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் மாற்றத்தைப் பதியாத வண்டி உங்கள் தலையில்தான் விழும். முழு உரிமையாளர் இடத்தில் லீசிங் கம்பனி பெயர் இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

களனிக்கரை:

ஈர மணத்தை லேசாக எடுக்க வேண்டாம். ஏசி வடிகால் அடைத்தும் அப்படி மணக்கும், சன்ரூஃப் வடிகால் அடைத்தும் மணக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியும் அதே மணம்தான் மணக்கும். 2016 மே மாதத்தில் களனி ஆறு பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எத்தனையோ வண்டிகள் தண்ணீரில் நின்றன. 2025 நவம்பரில் டித்வா புயலோடும் அப்படித்தான். அவற்றைக் கழுவி, சீற் மாற்றி விற்பது கஷ்டமான வேலை அல்ல.

பார்க்கும் முறை இது. சீற் பெல்ற்றை முழுவதுமாக வெளியே இழுத்துக் கடைசி ஒரு அடியைப் பாருங்கள். அங்கே மண் கோடு இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வந்திருக்கிறது. பெல்ற்றைக் கழுவினாலும் கடைசிச் சுருளைக் கழுவ மறப்பார்கள். முன் சீற்றைப் பின்னுக்குத் தள்ளித் தண்டவாளத்தின் போல்ட் தலைகளைப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் பளபளக்க அங்கே துரு என்றால் காரணம் இருக்கிறது. காலடிக் காப்பெற்றைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சைக் கையால் அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் பஞ்சு மாதக்கணக்கில் ஈரம் பிடித்திருக்கும். டிக்கியில் தரைப் பலகையைத் தூக்கி மூலைகளைப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியும் கம்பியூட்டரும் பின்னால் டிக்கிப் பக்கம் இருப்பதால் பிளக் ஒன்றைக் கழற்றி ஊசிகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பச்சை பிடித்த வண்டியில் இன்று கண்ணாடி இறங்காது, நாளை கியர் மாறாது, அடுத்த மாதம் ஏர்பேக் லாம்ப் எரியும். ஒன்றைத் திருத்த இன்னொன்று வரும். இதற்கு முடிவே இல்லை, விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்கக்கூடாது.

ஒரு பக்கக் காலடி மட்டும் ஈரம், மண் கோடு எங்கும் இல்லை என்றால் உரிமையாளர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஏசியை 20 நிமிடம் ஓடவிட்டு வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா பாருங்கள். கொழும்பின் ஈரப்பதத்தில் கட்டாயம் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் வடிகால் அடைப்புத்தான்.

வத்தளை_பிளக்:

நாளுக்கு 18 கிலோமீற்றர் என்றால் பிளக்-இன் ஹைபிரிட்டையும் (சார்ஜ் ஏற்றி மின்சாரத்திலும், பிறகு பெற்றோலிலும் ஓடுவது) ஒரு தடவை யோசியுங்கள். 330ஈ, 225எக்ஸ்ஈ, சி350ஈ எல்லாம் கொழும்பில் பரவலாக ஓடுகின்றன. ஆனால் பழைய எஃப்30 உடம்பு 330ஈயில் பற்றரி மொத்தமே 7.6 கிலோவொற் மணி, சி350ஈயில் அதைவிடச் சிறியது. முழுதாக சார்ஜ் ஏற்றி, ஏசி போட்டு, மின்சாரத்தில் மட்டும் எவ்வளவு தூரம் போகிறது என்று நீங்களே ஓடிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். பி.எம்.டபிள்யூவில் ஏசி வாயுதான் பற்றரியையும் குளிராக்குகிறது. ஏசி "கொஞ்சம் குறைவாத்தான் வேலை செய்யுது" என்று சொல்லும் ஹைபிரிட்டில் பற்றரியும் சூட்டில் வாடியிருக்கலாம்.

டீசல்ராசா:

தம்பி, முன்பணம் குடுக்கிறதுக்கு முதல் ரசீதில மூண்டு வரி எழுதுவியுங்கோ: நீங்கள் தெரிஞ்செடுக்கிற கராஜில, இரவு முழுக்க நிண்டு ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பம், லிஃப்டில ஏத்தி ஒயில் ஃபில்ற்றரைத் திறந்து பார்ப்பம், புது ஃபில்ற்றர் காசு எங்கட, சசி நம்பர், எஞ்சின் நம்பர் புத்தகத்தோட பொருந்தாட்டி அல்லது இந்த ரெண்டு சோதனையில ஒண்டிலயாவது குறை கண்டால் முன்பணம் முழுசாத் திரும்பும். கார் சேல்காரர் சூடான எஞ்சினைக் காட்டினவை எண்டால் இதுக்கு என்ன சொல்லுகினம் எண்டு பாருங்கோ. ஓம் எண்டால் முதல் நாள் பின்னேரமே வண்டியைக் கொண்டுபோய் அந்தக் கராஜில விட்டுப்போட்டு, திறப்பை நீங்கள் வைச்சிருங்கோ.

காலிவீதி_மாலை:

கேட்டன். ஆறின ஸ்டார்டுக்கு ஓம், ஃபில்ற்றர் திறக்க ஏலாதாம். 520டியை விட்டிட்டன். ஈ250க்கு சனிக்கிழமை காப்பெற் தூக்கிப் பார்க்கப் போறன், உரிமையாளர் தானே சீற் போல்ட்டைக் கழற்றித் தாறன் எண்டவர். காம் மக்னெற் பிளக்கையும் கழற்றிப் பார்த்துப்போட்டு இங்க எழுதுறன்.